ஒரு திருகாணியால் தடுக்கக்கூடிய மரணங்கள்

குழந்தை எதையாவது விழுங்கிவிட்டது என்ற செய்தி பரவியதும் எம்மவர் மத்தியில் முதலில் எழும் கேள்வி, "தாய் என்ன செய்துகொண்டிருந்தாள்?" என்பதேயாகும். பொத்தான் பற்றரி விடயத்தில் இக்கேள்வி பெரும்பாலும் தவறான ஆளிடம் கேட்கப்படுகின்றது. ஒன்றரை வயதுக் குழந்தையின் விரல்களால் அந்தப் பற்றரியை வெளியே எடுக்க முடிந்தது எவ்வாறு என்று உற்பத்தியாளரிடமும் அதனை இறக்குமதி செய்தவரிடமும் எவரும் கேட்பதில்லை.

ஒரு காலத்தில் கைக்கடிகாரத்துடன் மட்டும் அறிமுகமாயிருந்த இந்தச் சிறு வட்டப் பற்றரிகள் இன்று வீட்டின் எல்லா மூலைகளிலும் காணப்படுகின்றன. வாகனச் சாவி, மின்விசிறியின் ரிமோட், உடல் வெப்பமானி, சமையலறைத் தராசு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்று பட்டியல் நீளும். தீபாவளிக்கு வாங்கும் பிளாஸ்ரிக் அகல் விளக்கினுள்ளும், விரலில் மாட்டித் தஸ்பீஹ் எண்ணும் சிறு கருவியினுள்ளும் இருப்பவை இவையே. சிறுவர் விளையாட்டுப் பொருள்களின் பற்றரி அறை திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் நெடுங்காலமாகவே உண்டு. ஆனால் குழந்தை விளையாட்டுப் பொருளுடன் மட்டுமா விளையாடுகின்றது? அழுகையை நிறுத்த ரிமோட்டைக் கையில் கொடுக்காத வீடு எது?

பற்றரியிலிருந்து அமிலம் கசிவதே ஆபத்து என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் ஒரு துளியும் கசிய வேண்டியதில்லை. மிகுந்த ஆபத்தானது 20 மில்லிமீற்றர் விட்டமுடைய, 3 வோல்ற் இலிதியம் பற்றரியாகும். ஏறத்தாழ ஒரு ரூபா நாணயத்தின் அளவுடைய இது, சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளப் போதுமான பருமனுடையது. சிக்கியதும் ஈரமான சதையினூடாக மின்சுற்றுப் பூர்த்தியாகின்றது. எதிர்முனை தொடும் இடத்தில் நீர் மின்னாற் பகுக்கப்பட்டுக் கடுங்காரம் உருவாகின்றது. அடைபட்ட நீர்க்குழாயைத் திறக்கப் பயன்படுத்தும் காரத்தை ஒத்தது அது. இரண்டு மணித்தியாலத்திற்குள்ளேயே சதை பாரதூரமாக வெந்துபோகலாம். கருவியை இயக்க வலுவில்லை என்று கழற்றி வீசப்பட்ட பழைய பற்றரியிலும் இந்த வேலைக்குப் போதிய மின்னழுத்தம் எஞ்சியிருக்கும் என்பதை இங்கு அழுத்திக் கூற வேண்டும்.

பற்றரியை அகற்றியவுடன் ஆபத்து நீங்கிவிடுவதுமில்லை. காரம் அரித்த காயம் தொடர்ந்து ஆழமாகி, அருகே செல்லும் பெருநாடியைத் துளைத்தால், நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துங்கூடத் திடீர் இரத்தப் பெருக்கினால் மரணம் நேரலாம்.

இதைவிடக் கொடியது, விழுங்கியதை எவரும் காணாதிருப்பது. அப்போது குழந்தையிடம் தென்படுபவை உமிழ்நீர் வடிதல், இருமல், உணவை மறுத்தல், காய்ச்சல் போன்ற எந்த வீட்டிலும் எந்த மாதத்திலும் காணக்கூடிய அறிகுறிகளே. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெக்ஸாஸ் மாநிலத்தில் ரிமோட் பற்றரியை விழுங்கிய 18 மாதங்களுங்கூட நிறையாத பெண் குழந்தைக்குச் சாதாரண மூச்சுக்குழல் அழற்சி என்றே முதலில் கருதப்பட்டது. ரிமோட்டில் பற்றரி இல்லாததைப் பெற்றோர் பின்னரே கண்டனர். வாரக்கணக்கான சிகிச்சையின் பின்னர் அக்குழந்தை இறந்துபோனது.

ஆகவே சந்தேகம் எழுந்தாலே போதும், எக்ஸ்ரே வசதியுள்ள வைத்தியசாலைக்கு உடனடியாகச் செல்ல வேண்டும். '1990' சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையை அழைக்கலாம். நாணயம் விழுங்கிய குழந்தையைச் சில வேளை காத்திருக்க வைக்கலாம், பற்றரி விழுங்கிய குழந்தையை வைக்க முடியாது. எக்ஸ்ரே படத்தில் இரட்டை வளைய விளிம்பு தெரிந்தால் அது பற்றரி என்று வைத்தியர்கள் கொள்வர். வாந்தியெடுக்கச் செய்யக் கூடாது. மலத்துடன் வந்துவிடும் என்று வாழைப்பழம் ஊட்டிக் காத்திருத்தலும் கூடாது. தேன் மட்டும் விதிவிலக்கு. அது காரத்தின் தாக்கத்தைத் தணிப்பதாக அமெரிக்க ஆய்வாளர்கள் விலங்குகளில் நடத்திய பரிசோதனைகள் 2018இல் வெளியாகின. ஒரு வயதைக் கடந்த, விழுங்கக்கூடிய நிலையிலுள்ள, பற்றரியை விழுங்கிப் 12 மணித்தியாலம் கடவாத குழந்தைக்குப் பத்து நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டி வீதம் ஆறு முறை வரை கொடுக்கலாம் என்பது அந்நாட்டு நச்சுத் தகவல் நிலையத்தின் அறிவுறுத்தல். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேனே கொடுக்கக் கூடாது. வீட்டில் தேன் இல்லையெனில் தேடிக் கடைக்கு ஓடுவதைவிட வைத்தியசாலைக்கு ஓடுவதே புத்தி. மூக்கிலோ காதிலோ பற்றரியைத் திணித்துக்கொண்டாலும் இதே அவசரம் வேண்டும். அங்கு தேனுக்கு வேலையில்லை.

அவுஸ்திரேலியாவில் 2013ஆம் ஆண்டு குயீன்ஸ்லாந்தில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இவ்வாறு இறந்தாள். மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த அந்நாடு 2020 டிசம்பரில் கட்டாயத் தரவிதிகளைப் பிறப்பித்தது. உலகில் முதலாவதாக அமைந்த அவ்விதிகள் 2022 ஜூன் 22 முதல் அமுலுக்கு வந்தன. பற்றரி அறை கருவியின்றித் திறக்க முடியாததாக அல்லது ஒரே நேரத்தில் இரு வேறு அசைவுகளால் மட்டுமே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பொதி குழந்தையால் பிரிக்க முடியாததாக இருக்க வேண்டும். எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும். ரெக்ஸாஸ் குழந்தையின் பெயரிலேயே 2022 ஓகஸ்டில் அமெரிக்காவும் சட்டமியற்றியது. இடையில் சில கம்பனிகள் பற்றரிக்குக் கசப்புப் பூச்சுப் பூசின. நல்லதே, ஆயினும் பூச்சை நம்பித் திருகாணியைக் கைவிட இயலாது.

எமது நாட்டில் இதற்குப் புதிய சட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொருள்களின் பொதி, சுட்டுத்துண்டு, தரம் ஆகியன தொடர்பில் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு உண்டு. மின் ஆளிகள், செருகிகள் போன்றவை குறித்த கட்டளைகளுக்கு அமைந்தாலன்றி இறக்குமதி செய்யப்பட முடியாதவாறு ஒழுங்குவிதிகளும் உள்ளன. கட்டை விரலால் தள்ளித் திறக்கும் மூடியுடைய ரிமோட்டும் பண்டிகைக் கடை மின்விளக்கும் அதே வழியாகவே நிறுத்தப்படலாம். அதுவரை வீட்டிலுள்ளோர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இன்றிரவே ஒவ்வொரு ரிமோட்டையும் புரட்டிப் பார்த்து, திருகாணி இல்லாத மூடியை ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றுவதும், கழற்றிய பற்றரியின் இரு பக்கங்களையும் அவ்வாறே ஒட்டி அப்புறப்படுத்துவதுமே அது.