அக்கரைப்பற்று வரை ஓடினால்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் நிறை பார்க்கும் மெஷினில் ஏறிப் பாருங்கள். இரண்டு கிலோ கூடியிருக்கலாம். காலையில் வட்டிலப்பம், பகலில் புரியாணி, பின்னேரம் மாமி வீட்டில் மறுபடியும் வட்டிலப்பம். பொத்துவிலில் ஓடிப் பழகியவருக்கு அந்த எண்ணைக் கண்டதும் மனம் பதறும். அறுகம்பைப் பாலத்தைத் தாண்டி நெடுந்தூரம் ஓடி, எல்லாவற்றையும் ஒரே நாளில் கரைத்துவிடத் தோன்றும். பதற வேண்டாம். அந்த இரண்டு கிலோவில் பெரும்பங்கு தண்ணீர்.

சோற்றிலும் வட்டிலப்பத்தின் கருப்பட்டியிலும் இருந்து கிடைக்கும் மாப்பொருளையும் சீனியையும் உடம்பு கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கிறது. தசைகளில் 400 முதல் 500 கிராம் வரை, ஈரலில் சுமார் 100 கிராம். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். பெரும்பகுதி காலியான கிடங்கில் பெருநாளன்று 400 கிராம் நிரம்பினால், தண்ணீரோடு சேர்த்து 1.6 கிலோ. புரியாணியின் உப்பு பிடித்து வைக்கும் தண்ணீர் இன்னும் கொஞ்சம். இரண்டு கிலோவும் கொழுப்பாக இருக்கவேண்டுமானால், தேவைக்கு மேல் சுமார் 15,400 கலோரி உண்டிருக்க வேண்டும். அது ஒருவருடைய ஒரு வாரச் சாப்பாடு.

ஓட்டத்தின் கணக்கையும் பார்ப்போம். ஒரு கிலோமீற்றர் ஓட, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. மெதுவாக ஓடினாலும் விரைந்து ஓடினாலும் இது பெரிதாக மாறுவதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். 60 கிலோ நிறையுள்ள ஒருவர் பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்று வரை ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 42.195 கிலோமீற்றர் மரதனைவிடச் சற்றுக் கூடிய தூரம். செலவு 2,700 கலோரி அளவில். கொழுப்பில் சொன்னால் சுமார் 350 கிராம். வெயிலேறும் வீதியில் அத்தனை தூரம் கடந்தும் அவ்வளவுதான்.

2000ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 195 பேரை ஆண்டிறுதிப் பண்டிகைக் காலம் முழுவதும் நிறை பார்த்தார்கள். சராசரியாகக் கூடியது 0.37 கிலோ. அவர்கள் நினைத்ததோ அதைப்போல் நான்கு மடங்கு. ஆனால் அந்தச் சிறு கூடுதல் அடுத்த ஆண்டிலும் இறங்கவில்லை. 0.37 கிலோ என்பது நம் அக்கரைப்பற்று ஓட்டத்தின் கணக்கு அல்லவா! பயமுறுத்தும் இரண்டு கிலோ சில நாட்களில் தானே போய்விடுகிறது. கண்ணில் படாத 370 கிராம்தான் ஆண்டுக்காண்டு தங்கிச் சேர்கிறது.

அப்படியானால் ஓட்டத்தால் பெரிய பலன் இல்லையா? உண்டு, ஆனால் அது வேறிடத்தில் இருக்கிறது. இரத்தத்தில் உள்ள சீனி தசைக்குள் நுழைய வழக்கமாக இன்சுலின் என்ற சாவி வேண்டும். ஓடும் தசையோ அந்தச் சாவிக்குக் காத்திருக்காமல் தன் கதவுகளைத் தானே திறந்துகொள்ளும். ஓடி முடித்த பிறகும் பல மணி நேரம் அது இன்சுலினுக்கு எளிதில் இணங்கும். சுபஹு தொழுதுவிட்டு அரைமணி நேரம் கடற்கரையில் மெல்ல ஓடி வந்தவர் உண்ணும் வட்டிலப்பத்தின் சீனியில் நல்ல பங்கு தசைக் கிடங்குக்குப் போகும். சீனி வருத்தம் வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்ட நம் ஊர்களுக்கு இதைவிட நல்ல செய்தி எனக்குத் தெரியாது. மருந்து எடுப்பவர்கள் மட்டும் வைத்தியரிடம் கேட்டுவிட்டே நோன்பிலும் ஓட்டத்திலும் இறங்க வேண்டும்.

நோன்பு மாதத்தில் ஓடுவது தனிக் கதை. 2012 லண்டன் ஒலிம்பிக் அந்த மாதத்தில்தான் வந்தது. அங்கே அப்போது நோன்பு 17 மணி நேரத்துக்கு மேல். பிரித்தானிய ஓட்ட வீரர் மோ ஃபரா நோன்பைப் பின்னர் நோற்க ஒத்திவைத்துவிட்டு ஓடி, 5,000 மீற்றரிலும் 10,000 மீற்றரிலும் தங்கம் வென்றார். பொத்துவில் பூமத்திய ரேகைக்கு அருகே, 7 பாகை வடக்கில் இருப்பதால், எந்தப் பருவத்தில் நோன்பு வந்தாலும் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். இங்கே பசியைவிடத் தாகமே பெரிய சோதனை. இந்தப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு லீற்றர் வியர்வை போகக்கூடும். அதனால்தான் பலர் இஃப்தாருக்கு முந்திய அரைமணி நேரத்தையோ, தராவீஹுக்குப் பிந்திய இரவையோ தேர்கிறார்கள்.

இஃப்தாருக்கு முன் ஓடிவிட்டு மெஷினில் ஏறினால் நிறை குறைந்திருக்கும். மகிழ வேண்டாம், அதுவும் தண்ணீர்தான். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கோப்பை நிறைய நோன்புக் கஞ்சி. அரிசியும் உப்பும் நீரும் ஒன்றாய் உள்ளே போக, இழந்தது சஹருக்குள் திரும்பிவிடும்.