கை நீட்டுவது யார்?

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் கல்யாண மகாலைப் படம் எடுப்பார்கள், மூச்சு வாங்க ராஜகிரி ஏறுவார்கள். களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. கோட்டையின் பலம் அங்கேதான் இருந்தது. நெல்லைக் கொட்டிவைக்கப் பெரிய களஞ்சியம், மலை மேல் சுனை, அடிவாரத்தில் செட்டிகுளமும் சக்கரக்குளமும். 1690இல் முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் வந்து வளைத்தபோது, உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் தரப்பு ஏறக்குறைய எட்டு வருடம் தாக்குப்பிடித்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான்.

யார் தயவும் இல்லாமல் நின்ற கோட்டை என்று பெருமை பேச வசதியான கதை. ஆனால் 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேவும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து படையோடு வந்து, முற்றுகை போட்டவர்களையே முற்றுகை போட்டார்கள். முகலாயப் பாளையத்துக்குத் தானியம் வரும் வழி அடைபட்டது. ஜுல்பிகர் கான் கொஞ்ச காலம் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. களஞ்சியமும் சுனையும் மட்டும் இருந்திருந்தால் எட்டு வருடம் ஓடியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

கோட்டையை விட்டு ஊருக்குள் வந்தால், யார் தயவும் கூடாது என்ற இதே பேச்சு வேறு வடிவத்தில் கேட்கும். மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்க ஆள் கிடைக்காத வருத்தத்தில் இருக்கும் எந்த நிலக்காரரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "கவர்மெண்ட்டு எல்லாத்தையும் சும்மா குடுத்து ஜனங்கள சோம்பேறி ஆக்கிடுச்சுங்க" என்பார். ரேஷன் அரிசி, மாதம் ஆயிரம் ரூபாய் என்று வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசியில் நூறு நாள் வேலையில் வந்து நிற்பார். மரத்தடியில் உட்கார்ந்து எழுந்து வருவதற்குச் சம்பளமா என்பது அவர் கேள்வி.

இந்த நூறு நாள் வேலைக்காக 2005இல் வந்த வேலை உறுதிச் சட்டம் 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாக நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அப்போது தேர்வான ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அந்த மாவட்டத்தில் இருக்கும் செஞ்சி வட்டாரத்துக்கு இந்த வேலை ஏறத்தாழ இருபது வருடப் பழக்கம். இந்தப் பக்கம் 'ஏரி வேலை' என்றே சொல்வார்கள். ஏரியைத் தூர் வாருவது, கால்வாய் வெட்டுவது, கரையைச் செப்பனிடுவது என்று ஆரம்பித்ததால் வந்த பேர். தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள்.

வேலை எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பல ஊர்களில் புல்லைச் செதுக்கிக் கணக்கு எழுதியது உண்மை. ஆனால் ஆளை ஒதுக்கும் இயந்திரம் கூடாது, கான்ட்ராக்டர் கூடாது என்று அந்தச் சட்டமே சொன்னது. இறுகிப்போன வண்டலை மண்வெட்டியும் கூடையும் கொண்டு அறுபது வயது அம்மா எவ்வளவு ஆழம் வெட்ட முடியும்?

அந்தக் காலத்தில் சர்க்காரா வந்து ஏரி வெட்டியது, ஊரே சேர்ந்து குடிமராமத்து செய்ததே என்று அடுத்து ஒரு கேள்வி வரும். செய்தது வாஸ்தவம். பத்தாம் நூற்றாண்டிலேயே உத்திரமேரூரில் ஏரி வாரியம் இருந்ததைப் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அதே கல்வெட்டுதான், வரி கட்டும் நிலம் இருக்கிறவரே வாரியத்துக்குத் தகுதி என்றும் சொல்கிறது. நிலம் இல்லாதவருக்கு அந்த வாரியத்தில் இடமே கிடையாது. ஊர் தானாகச் செய்தது என்று நாம் சொல்லும் வேலையில் பெரும்பங்கு, கூலி கேட்க நாதியற்ற சேரி மக்களின் முதுகில் நடந்தது. வழக்கம் தளர்ந்தபோது வெள்ளைக்கார அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. வர மறுத்தால் அபராதம். மனமுவந்து எல்லோரும் வந்திருந்தால் சட்டம் எதற்கு?

பிறகு ஏரிகள் முழுக்க சர்க்கார் கைக்குப் போயின. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் பொதுப்பணித் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். மதகு உடைந்தால் மனு எழுதுவது ஊரின் வேலையாயிற்று. 2017 மார்ச்சில் அன்றைய அ.தி.மு.க. அரசு மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்தை மறுபடி தொடங்கியபோது, முதல் தவணையாக 1,519 பணிகளுக்கு ரூ.100 கோடி ஒதுக்கியது. பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ உழைப்பாகவோ விவசாயிகள் தர வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல யோசனை. ஆனால் ஆயக்கட்டுக்காரர்களுக்கு ஏரி மீது பழைய அக்கறை இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

அக்கறை போனதற்கு என்னைக் கேட்டால் முதல் காரணம் போர்வெல்தான். ஏரித் தண்ணீர் ஊருக்குப் பொது. மதகு திறக்கும் நாளை ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும், முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும், கடைமடைக்காரரோடு சண்டை போட வேண்டும். போர் போட்டவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. சுவிட்சைப் போட்டால் தண்ணீர். சொந்தக் காசில் போட்டேன், யாரிடமும் போய் நிற்கவில்லை என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு நிமிர்வு இருக்கும்.

அந்த சுவிட்சுக்குப் பின்னால் இருப்பது அரசின் இலவச மின்சாரம். அது சும்மா கிடைத்ததும் இல்லை. நாராயணசாமி நாயுடு தலைமையில் எழுபதுகளில் விவசாயிகள் கட்டண உயர்வை எதிர்த்து நின்றார்கள், துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் எண்பதுகளில் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கும், 1990இல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரத்தை இலவசமாக்கின. இன்று மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேலான பம்புசெட்டுகள் அப்படி ஓடுகின்றன. பெரும்பாலானவற்றுக்கு மீட்டரே இல்லை. அந்த மின்சாரத்தை வாங்குகிறவரை யாரும் சோம்பேறி என்பதில்லை. சொல்லவும் கூடாது, மல்லாட்டை விற்கும் விலையில் மின்கட்டணமும் கட்டினால் மிச்சம் நிற்காது. ஆனால் அவருக்கு ஒரு நியாயம், ஏரியில் கூடை சுமப்பவருக்கு ஒரு நியாயம் என்றால் எப்படி?

கணக்குப் பார்க்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரிகிறது. பம்புசெட் எத்தனை யூனிட் குடித்தது என்று கேட்பார் இல்லை. ஏரி வேலைக்குப் போனவரை 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை செல்போனில் படம் பிடித்து ஏற்றினார்கள். டவர் இல்லாமல் படம் ஏறாவிட்டால் வருகைக்கே சிக்கல். இத்தனைக்கும் பிறகு கூலி நேரத்துக்கு வந்ததா என்றால் அதுவும் இல்லை. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு மட்டும் ரூ.4,034 கோடி பாக்கி என்று அன்று மாநிலத்தை ஆண்ட கட்சியே ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடத்தியது.

போரில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிக் கோடி போனால், கரைக்குக் கீழே இருக்கும் கிணறுகள் தானாக மேலே வரும். போர்களுக்கும் ஊற்று கூடும். ஏரி தூர்ந்து கிடந்தால் அதே மழை சங்கராபரணி ஆற்றில் விழுந்து புதுச்சேரிப் பக்கம் கடலுக்குப் போய்விடும். அரைகுறையாகவே ஆனாலும் அந்த ஏரிக்குள் இறங்கி மண் எடுத்தவர்கள், நிலக்காரர் சோம்பேறி என்று சொன்ன அதே பெண்கள்தான். அவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு காணி கூடக் கிடையாது. உயரும் ஊற்று அடுத்தவர் நிலத்தில்தான் உயர்கிறது.

2025 டிசம்பரில் பழைய வேலை உறுதிச் சட்டத்தை எடுத்துவிட்டு நாடாளுமன்றம் வேறொன்றை நிறைவேற்றியது. நாள் 125 ஆகிறது. செலவில் 40 சதவீதம் நம் போன்ற மாநிலங்களின் தலையில். விதைப்பும் அறுப்பும் உச்சத்தில் இருக்கும்போது வருடத்தில் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கவும் அதில் வழி இருக்கிறது. ஆள் கிடைக்காத நிலக்காரர்கள் கேட்டது அதைத்தான். எந்த 60 நாள் என்பதை மாநிலம் அறிவிக்க வேண்டும். செஞ்சிப் பக்கம் ஏரி காய்ந்து மண் எடுக்கத் தோதாக இருப்பது சித்திரை, வைகாசி, ஆனி மாதங்கள். அவை அந்த அறுபதுக்குள் சிக்காமல் பார்த்துக்கொள்ளும்படி கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுத வேண்டியவர்கள், கூடை சுமப்பவர்களைக் காட்டிலும் போர் போட்டிருக்கும் நிலக்காரர்கள்தான்.