உங்களுக்குத் தெரியுமா? நாற்பதைத் தாண்டியவருக்கு நாலு நிமிட நடையும் கணக்கில் சேரும்!

ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் உடற்பயிற்சி என்பது பழைய விதி. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அதை நீக்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு நிமிடமும் வரவுதான்.

● இலக்கு: 64 வயது வரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் நடந்தால் போதும். கூடவே, வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி.

● தறிக்காரர்களுக்கு: காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் பாவு நீட்ட நடக்கும் நடையும் இதில் சேரும். குழித்தறியில் மணிக்கணக்காக உட்காருபவர்கள் இடையிடையே எழுந்து நாலு எட்டு நடப்பது நல்லது.

● கோயிலுக்குப் போகிறவர்களுக்கு: காஞ்சி வரதராஜப் பெருமாளைச் சேவிக்க அத்திகிரிக் குன்றில் 24 படி ஏறவேண்டும். அதுவும் பயிற்சியே.

● படியின் பலன்: லண்டன் மாடிப் பேருந்துகளில் 35 முதல் 64 வயது வரையிலான ஊழியர்களை ஆராய்ந்து, 1953-இல் முடிவு வெளியிட்டார் ஜெர்ரி மோரிஸ். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட மாரடைப்பு குறைவு.

● துணை வேண்டுமா? 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023 நவம்பர் 4-இல் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை. பக்கத்து வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். பேச்சுத்துணை இருந்தால் பழக்கம் விடாது.