காய்ச்சல் விட்ட பிறகும் கவனம்: டெங்கும் நம் காவற் கலங்களும்

2017 இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியது. அவ்வாண்டில் நாடு முழுவதும் 186,000 இற்கும் மேற்பட்ட நோயாளர்கள் பதிவாகினர். 400 இற்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். எங்கள் சாம்பல்தீவுப் பக்கம் இன்றும் காதில் விழும் ஒரு பேச்சு உண்டு: "காய்ச்சல் உட்டுட்டு, இனிப் பயமில்ல." இது ஏன் பிழையென்று விளங்க, நம் உடம்பின் காவற் கலங்கள் ஒன்றையொன்று எப்படிக் கூப்பிடுகின்றன என்று பார்க்க வேண்டும்.

கலங்களுக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. கிருமி தாக்கிய இடத்திலுள்ள கலங்கள் கீமோகைன் எனும் சிறு புரதங்களை வெளிவிடும். மனித உடலில் இவை ஏறத்தாழ 50 வகை. கந்தூரிச் சோறு ஆக்கிற வாசம் எந்தப் பக்கம் கூடுதோ அந்தப் பக்கம் பிள்ளைகள் திரும்புவதுபோல, கீமோகைன் செறிவு கூடும் திசையில் வெண்குருதிக் கலங்கள் ஊர்ந்து போகும். குருதிக் குழாய்க்குள் ஓடும் கலம் சுவரில் ஒட்டி, இடுக்கால் நுழைந்து வெளியே வருவதும் இந்த அழைப்பால்தான்.

டெங்கு வைரசின் சூது இங்கேதான் இருக்கிறது. நுளம்பு கடித்ததும் அது தோலிலுள்ள காவற் கலங்களுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். அவை வழக்கம்போல இரசாயன அழைப்பின் வழியே நிணநீர்க் கணுவுக்குப் போகும். கள்ளனும் காவற்காரன் தோளில் ஏறிப் போகிறான். உதவிக்கு வரும் கலங்களிலும் வைரசு பெருகும்.

சில நாட்களில் நம் படை திரண்டு வைரசைக் குறைக்கும், காய்ச்சலும் இறங்கும். ஆனால் சிலரில் இந்த இரசாயனச் சமிக்ஞைகள் அளவு மீறிப்போய், குருதிக் குழாய்ச் சுவரின் இணைப்புகளைத் தளர்த்திவிடும். வைரசின் புரதமொன்றும் அதற்குத் துணைபோகும். குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசியும், அழுத்தம் விழும். பெரும்பாலும் இது நடப்பது காய்ச்சல் விடுகிற வேளையை ஒட்டிய 24 முதல் 48 மணித்தியாலத்தில். முன்பு வேறு வகை டெங்கு வந்தவருக்கு ஆபத்து இன்னும் கூட.

ஆகவே காய்ச்சல் விட்ட பிள்ளையைக் கூடுதலாகக் கவனியுங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசில் இரத்தம், கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், மிகுந்த சோர்வு: இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோஃபென் கூடாது. ஓதிய தண்ணீர் கொடுங்கள்; டாக்டர் சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.