சங்கிலியா, சோதனைத் தட்டா?

பாட்டனுக்குச் சித்தம் கலங்கிற்று, மகனுக்கும் கலங்கிற்று, பேரனோ இன்று தனக்குத்தானே பேசிச் சிரிக்கிறான். வடசேரிச் சந்தையிலே என்ன சொல்வார்கள்? "பரம்பரைச் சாபம்" என்பார் ஒருவர். "செய்வினை" என்பார் மற்றொருவர். கயிறு கட்டச் சொல்வார்கள், கழிப்புக் கழிக்கச் சொல்வார்கள். கடைசியிலே ஆளையே கட்டிப்போடச் சொல்வார்கள்!

கட்டிப்போட்டதன் விளைவை நாடு கண்டது. 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. மனநோயாளர் விடுதியிலே தீ! சங்கிலியால் பிணைக்கப்பட்டோர் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் கருகின. தீ மட்டுமா கொன்றது? சங்கிலியும் கொன்றது. அதைப் பூட்டியது அறியாமை!

தலைமுறை தலைமுறையாய்த் தொடரும் இந்த நோயை அறிவுலகம் எப்படி அணுகுகிறது? பெங்களூரிலே நிம்ஹான்ஸ் மருத்துவமனையும், என்.சி.பி.எஸ்., இன்ஸ்டெம் ஆய்வுக்கூடங்களும் கைகோத்து, 2016-ல் இத்தகைய குடும்பங்களையே ஆராயத் தொடங்கின. உயிருள்ளவர் மூளையை அறுத்துப் பார்க்க முடியுமா? முடியாது. ஆகவே சிறிது இரத்தம் எடுத்தார்கள். அதிலுள்ள அணுக்களை, எந்த உறுப்பின் அணுவாகவும் வளரவல்ல இளங்குருத்தாக மாற்றினார்கள். ஸ்டெம் செல் என்பது அதன் பெயர்; குருத்தணு என்போம் நாம். வழிகாட்டியவர் ஜப்பானியர் யமனாகா. 2006-ல் எலியின் அணுவிலும், 2007-ல் மனித அணுவிலும் செய்து காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார்.

நாஞ்சில் நாட்டு உழவனுக்கு நாற்றங்கால் தெரியும். இது நோயின் நாற்றங்கால்! குருத்தணுவை மூளையணுவாகத் தட்டிலே வளர்க்கிறார்கள். நோயுற்ற அண்ணனின் அணு ஒரு தட்டில். நோயற்ற தம்பியின் அணு அடுத்த தட்டில். எங்கே வேறுபாடு? மருந்திட்டால் எது மாறுகிறது? முதற் சோதனை மனிதன் மேல் அல்ல, தட்டின் மேல்!

முதுமை மறதியும் அந்த ஆய்விலே உண்டு. அதிலே ஒரு சிக்கல். கிழவரின் அணுவைக் குருத்தாக்கினால், வயதின் தடங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. முதுமையைத் தேடிப் போனவன் கையிலே இளமை! அதனால்தான் தோலணுவைக் குருத்தாக்காமல், நேரே நரம்பணுவாக்கும் முறையையும் உலக அறிஞர்கள் கண்டார்கள். அதிலே வயதின் தடம் தங்குகிறது.

ஆனால் ஒன்று, தோழர்களே! இது ஆய்வு, இன்னும் மருந்தல்ல. "குருத்தணு ஊசி போட்டால் பித்தம் தெளியும், மறதி போகும், முதுமை ஓடும்" என்பவனை நம்பித் தென்னந்தோப்பை விற்காதீர்! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வகுத்த நெறி என்ன? சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றுதான் ஏற்கப்பட்ட சிகிச்சை. மற்றவை சோதனை நிலையிலேயே உள்ளன என்றது அந்த நெறி. கயிறு விற்பவனும் பொய் ஊசி விற்பவனும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்!

வீட்டிலே சித்தம் கலங்கியவர் உண்டா? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இன்றுள்ள மருந்து நோயைக் கட்டும். சங்கிலியோ மனிதனைத்தான் கட்டும்!