டீவியோடு பூட்டிய கம்பியூட்டருக்கு ரிமோட்: எந்த ரிசீவரை வாங்குவது?



கொழும்பில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்கு வரும்போது பழைய கம்பியூட்டர் ஒன்றைக் கொண்டு வருகிறான். லயத்துக் காம்பராவில் டீவிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் ஒரு வயரைப் பூட்டிவிட்டுப் போகிறான். அதில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், கல்யாண வீடியோ பார்க்கலாம். பிள்ளைகளின் பாடங்களையும் பெரிய திரையில் பார்க்கலாம். இதைத்தான் வெளியில் 'ஹோம் தியேட்டர் கம்பியூட்டர்' என்று சொல்கிறார்கள்.

மகன் திரும்பிப் போன பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. மலையில் கொழுந்தெடுத்து, நிறுவை முடித்து, களைத்து வரும் தாய்க்கு மவுஸைப் பிடித்துப் பழக்கமில்லை. ஒரு பாட்டை நிறுத்துவதற்குக்கூட சின்னப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பிள்ளை டியூஷனுக்குப் போயிருந்தால் கம்பியூட்டர் சும்மா கிடக்கும். ஆனால் டீவி ரிமோட் என்றால் அதே தாய் கண்ணை மூடிக்கொண்டு அமத்துவார். "இதுக்கும் அப்படி ஒரு ரிமோட் கிடைக்காதா ஐயா?" என்று பலர் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள்.

கிடைக்கும். ஆனால் கேட்காமல் வாங்கினால் காசு வீண். நாமும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறோம். வாசிகசாலைக் கம்பியூட்டருக்காக இளைஞர்கள் சேர்த்த காசில் டவுனுக்குப் போய் ஒரு ரிசீவர் வாங்கி வந்தோம். பெட்டிக்குள் ரிமோட், ரிசீவர், ஒரு சீடி மூன்றும் இருந்தன. சீடியில் இருந்தது பழைய விண்டோஸுக்கு மட்டும் ஏற்ற செயலி. எமது கம்பியூட்டரில் சீடி போடும் இடமே இல்லை. கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். விசாரிக்காமல் வாங்கியது எமது பிழைதான். அந்தப் பிழை உங்களுக்கு வரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

ரிமோட்டின் முனையில் சின்ன பல்ப் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொத்தானை அமத்தினால் அது எரிகிறது. ஆனால் அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. வானவில்லில் சிவப்புக்கு அப்பால் இருக்கும் வெளிச்சம் அது. அகச்சிவப்பு என்பார்கள். 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹேர்ஷல் என்ற விஞ்ஞானி சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பையும் தாண்டி, ஒன்றுமே தெரியாத இடத்திலும் சூடு ஏறியது. அப்படித்தான் இந்த வெளிச்சம் தெரியவந்தது.

சூரியனிலிருந்தும் அடுப்பிலிருந்தும்கூட அகச்சிவப்பு வருகிறது. அப்படியானால் ரிமோட்டின் வெளிச்சத்தை டீவி எப்படிப் பிரித்தறிகிறது? எதிர்மலையில் நிற்கும் ஒருவர் டோர்ச் லைட்டை அணைத்து அணைத்துக் காட்டினால், எத்தனை வீட்டு விளக்கு எரிந்தாலும் அவரை நாம் கண்டுபிடித்துவிடுவோம் அல்லவா? ரிமோட்டும் அதையே செய்கிறது. அதன் பல்ப் ஒரு செக்கனுக்குச் சுமார் 38,000 தடவை மின்னுகிறது. அந்த வேகத்தில் மின்னும் வெளிச்சத்தை மட்டுமே ரிசீவர் கவனிக்கும். சில கம்பெனிகளின் ரிமோட் 36,000 தடவையும், சோனி ரிமோட் 40,000 தடவையும் மின்னும்.

அந்த மின்னல்களை விட்டு விட்டு அனுப்பித்தான் 'சத்தத்தைக் கூட்டு', 'நிறுத்து' என்ற கட்டளைகள் போகின்றன. இதில் கம்பெனிக்குக் கம்பெனி பாஷை வேறு. ஒரு டீவியின் ரிமோட்டை வேறு கம்பெனி டீவிக்குக் காட்டினால் வேலை செய்யாததற்கு இதுதான் காரணம்.

சாதாரண கம்பியூட்டருக்கு இந்த வெளிச்சத்தைப் பார்க்கும் கண்ணே கிடையாது. அந்தக் கண்தான் ரிசீவர். ஆனால் கண் மட்டும் இருந்தால் போதாது. வந்த கட்டளை என்ன என்று விளங்கி, கம்பியூட்டருக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்ல வேண்டும். அந்தச் 'சொல்லும் வேலையை' யார் செய்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் ரிசீவரைத் தெரிவு செய்ய வேண்டும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் போதும்.

கடையில் இருக்கும் வகைகள்

முதலாவது, டீவி கார்ட்டோடு வரும் ரிசீவர். கம்பியூட்டரில் டீவி பார்ப்பதற்கான கார்ட்டோடு ரிமோட்டும் சேர்ந்து வரும். இதில் 'சொல்லும் வேலையை' கம்பெனி கொடுக்கும் செயலிதான் செய்கிறது. அந்தச் செயலி உங்கள் விண்டோஸில் ஏறாவிட்டால் ரிசீவர் வெறும் பிளாஸ்டிக் துண்டு. நாம் ஏமாந்தது இந்த வகையில்தான்.

இரண்டாவது, நடுவில் பச்சைப் பொத்தான் உள்ள ரிமோட்டோடு வரும் ரிசீவர். மைக்ரோசொஃப்ட் கம்பெனி 2002இல் விண்டோஸில் 'மீடியா சென்டர்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. அதைத் திறப்பதற்கே அந்தப் பச்சைப் பொத்தான். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்தச் செயலியை எடுத்துவிட்டார்கள். ஆகவே இப்போது பச்சைப் பொத்தானுக்குத் திறக்க ஒன்றுமில்லை. பழைய பொருள் விற்கும் இடங்களில் இது மலிவாகக் கிடைக்கும். லினக்ஸ் போட்ட கம்பியூட்டர் என்றால் இது நன்றாகவே வேலை செய்யும். விண்டோஸ் என்றால் உங்கள் கம்பியூட்டரிலேயே பூட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, பழக்கி எடுக்கும் ரிசீவர். பென்டிரைவ் மாதிரிச் சின்னதாக இருக்கும். யூ.எஸ்.பி. துளையில் சொருக வேண்டும். 'ஃப்ளிர்க்' என்பது இந்த வகையில் பெயர் பெற்றது. முதல் தடவை மட்டும் கம்பியூட்டரில் அதன் செயலியைப் போட்டு, "இந்தப் பொத்தானை அமத்தினால் 'நிறுத்து', இதை அமத்தினால் 'மேலே போ'" என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். பழக்கியதை ரிசீவர் தனக்குள்ளேயே பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு எந்தக் கம்பியூட்டரில் சொருகினாலும், தான் ஒரு கீபோர்ட் என்றே காட்டிக்கொள்ளும். கீபோர்டை விளங்காத கம்பியூட்டர் இல்லை. 'சொல்லும் வேலை' ரிசீவருக்குள்ளேயே முடிந்துவிடுவதால் விண்டோஸ் மாறினாலும் கவலையில்லை. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ரிமோட்டுக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. வீட்டில் பழுதாகிப்போன டீவி, டீ.வீ.டீ. பிளேயரின் ரிமோட் ஏதாவது கிடந்தால் அதுவே போதும்.

நான்காவது, மூன்று கால் உள்ள தனி ரிசீவர். டீவிக்குள் இருப்பதும் இதுதான். திருத்துகிற கடைகளில் மலிவாக வாங்கலாம். ஆனால் இதை நேரே கம்பியூட்டரில் பூட்ட முடியாது. ஈயம் வைத்துப் பழகிய, ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன கம்பியூட்டரில் வேலை தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டுமே சரிவரும். மூன்று கால்களின் ஒழுங்கு எல்லா மாடலிலும் ஒன்றல்ல. மாற்றிக் கொடுத்தால் எரிந்துபோகும்.

இவை தவிர, 'எயார் மவுஸ்' என்று ஒன்றையும் காட்டுவார்கள். அதற்கும் யூ.எஸ்.பி. துண்டு உண்டு. ஆனால் அது அகச்சிவப்பு அல்ல, ரேடியோ அலை. போர்வைக்குள் இருந்து அமத்தினாலும் வேலை செய்யும். கெட்ட சாமான் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் துண்டு காணாமல் போனால் ரிமோட்டும் போச்சு. வேறு ரிமோட்டை அதோடு சேர்க்கவும் முடியாது.

வாங்கும் முன்

1. முதலில், ரிசீவர் தேவைதானா என்று பாருங்கள். உங்களிடம் இருப்பது ராஸ்பெர்ரி பை என்றால், எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக டீவி ரிமோட்டே அதை இயக்கும். டீவியின் செட்டிங்கில் அந்த வசதியைத் திறந்துவிட்டால் சரி. சாதாரண கம்பியூட்டர்களில் பெரும்பாலும் இந்த வசதி இல்லை.

2. "செயலி இல்லாமல் கீபோர்ட் மாதிரி வேலை செய்யுமா?" என்று கடைக்காரரிடம் நேரே கேளுங்கள். "சீடியில் இருக்கு" என்று சொன்னால் யோசியுங்கள்.

3. முடிந்தால் கம்பியூட்டரைக் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள். முடியாவிட்டால், வேலை செய்யாத பட்சத்தில் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

4. டீவிக்குப் பயன்படும் ரிமோட்டையே கம்பியூட்டருக்கும் பழக்காதீர்கள். ஒன்றை அமத்தினால் இரண்டும் கேட்கும். வேறு கம்பெனியின் ரிமோட்டை எடுங்கள்.

5. ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, ஃபோன் கமராவைத் திறந்து ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டிப் பொத்தானை அமத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளை வெளிச்சம் மின்னினால் ரிமோட் நல்லது. பின்பக்கக் கமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கமராவில் பாருங்கள். இதற்குச் செலவில்லை.

வீட்டில் பூட்டும்போது

ரிமோட்டின் வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டும், பலகையைத் தாண்டாது. ஆகவே கம்பியூட்டர் மேசைக்குக் கீழே இருந்தால், யூ.எஸ்.பி. நீட்டு வயர் ஒன்றைப் போட்டு ரிசீவரை டீவிக்கு அருகில் கொண்டுவாருங்கள். ஜன்னல் வெயில் நேரே படும் இடத்திலும் விளக்குக்கு மிகக் கிட்டவும் வைக்க வேண்டாம். வேலை செய்யவில்லை என்று ரிசீவரைக் குறை சொல்லுமுன் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

படம் பார்க்க 'வீ.எல்.சீ.' நல்ல செயலி. ரிமோட்டுக்கென்றே அமைந்த இன்னொன்று 'கோடி'. பெயர்தான் கோடி, ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. பெரிய எழுத்து, பெரிய படங்கள், மேலே கீழே போகும் அம்புக்குறிகள் என்று டீவி மாதிரியே இருக்கும். எட்டுப் பொத்தான் பழக்கினால் போதும்: நான்கு அம்பு, ஓகே, பின்னால் போ, நிறுத்து, சத்தம். சத்தத்துக்குக் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று என்று எடுத்தால் ஒன்பது.

முழுதாக அணைத்த கம்பியூட்டரை ரிமோட்டால் எழுப்ப முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உறங்க வைத்திருந்தால் சில கம்பியூட்டர்கள் எழும்பும். இடி மின்னல் நேரத்தில் உறங்க வைப்பது போதாது, பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பெட்டரியில் கவனம்

இதைக் கட்டாயம் வாசியுங்கள். அட்டை மாதிரி மெல்லிய சின்ன ரிமோட்டுகளில் நாணயம் போன்ற வட்டப் பெட்டரி இருக்கும். சீ.ஆர். 2025 என்று அதில் எழுதியிருக்கும். சிறு பிள்ளை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும். உயிரும் போகலாம். ரிமோட்டுக்குப் போதாமல் கழற்றிய பழைய பெட்டரியும் அப்படித்தான். விழுங்கியதை நாம் பார்க்காமலும் இருக்கலாம். பிள்ளை எச்சில் வடித்தால், சாப்பாடு வேண்டாம் என்றால், காரணமில்லாமல் இருமினால், ரிமோட்டில் பெட்டரி இருக்கிறதா என்று உடனே பாருங்கள். சந்தேகம் என்றாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், விடியட்டும் என்று காத்திராமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

ஆகவே சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் உருளைப் பெட்டரி போடும் பெரிய ரிமோட்டையே பாவியுங்கள். மெல்லிய ரிமோட் என்றால், மூடி திருகாணி போட்டுப் பூட்டியதாக இருக்க வேண்டும். பழைய வட்டப் பெட்டரியை இரண்டு பக்கமும் டேப் ஒட்டிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

முடிவாக, சொல்லும் வேலையைத் தானே செய்யும் ரிசீவர், வீட்டில் கிடக்கும் பழைய ரிமோட், உருளைப் பெட்டரி. எமது சிபாரிசு இந்த மூன்றுதான். வாங்கிப் பூட்டிய அன்றே வீட்டில் வயது போனவரின் கையில் ரிமோட்டைக் கொடுத்து, ஒரு பாட்டைப் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். யாரையும் கூப்பிடாமல் அவர் அதைச் செய்துவிட்டால் நீங்கள் சரியான சாமானை வாங்கியிருக்கிறீர்கள். மகன் கொண்டுவந்த கம்பியூட்டர் அப்போதுதான் முழுக் குடும்பத்துக்கும் சொந்தமாகும்.