ஓரங்கியின் சந்துகள்

ஊரின் பொது வாழ்வு செம்மையுறுவதற்குச் சர்க்காரின் தயவும் செல்வந்தரின் கொடையும் இன்றியமையாதவை என்று நினைத்து நினைத்தே, நம் கையால் ஆகக்கூடிய காரியங்களைக்கூட ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போடுகிறோம். இவ்விரண்டும் எட்டாத நிலையில், ஏழை ஜனங்கள் தங்கள் வாசலில் தேங்கிய கழிவுநீருக்குத் தாங்களே வழி தேடிக்கொண்ட வரலாறு ஒன்று, கராச்சி மாநகரின் வடமேற்கே ஓரங்கி என்னும் குடியிருப்பில் நடந்தேறியிருக்கிறது.

1960-களில், தரகர்களிடம் மனை வாங்கிக் குடியேறியவர்களால் உண்டாகி, 1971-ஆம் ஆண்டு யுத்தத்துக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த பீகாரிகளாலும், பிழைப்புத் தேடி வந்த பட்டாணியர், பஞ்சாபியர் முதலியோராலும் பெருகிய குடியிருப்பு அது. நெசவும் கூலி வேலையுமாகப் பாடுபட்டு ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள்; ஆனால் வீட்டுக்கு வெளியே கால் வைத்த இடமெல்லாம் அசுத்தம். எடுப்புக் கக்கூஸ்களும், கட்டிய சில காலத்திலேயே நிரம்பிவிடும் உறைகுழிகளுமே அங்கு இருந்தன. அடுக்களை நீரும் குளித்த நீரும் சந்தின் நடுவே குட்டையாக நிற்க, அதன் ஓரத்திலேயே குழந்தைகள் விளையாடின.

1980-ல் அங்கு வந்து சேர்ந்தவர் அக்தர் ஹமீத் கான். 1914-ல் ஆக்ராவில் பிறந்த இவர், ஐ.சி.எஸ். உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்டு, அலிகருக்கு அருகே ஒரு கிராமத்தில் பூட்டுத் தொழிலாளியாக வாழ்ந்து பார்த்தவர். பின்னர் கிழக்கு வங்கத்துக் கொமில்லாவில் கிராமக் கூட்டுறவுப் பணியால் உலகப் புகழ் பெற்றவர். ஒரு வங்கியின் அறநிதி உதவியோடு ஓரங்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கிய அவர், இன்னது செய்யப்போகிறேன் என்று அறிவிக்காமல், சந்து சந்தாக நடந்து ஜனங்களை விசாரித்தார். சாக்கடைதான் தங்கள் பெருங்கவலை என்றார்கள் அவர்கள். ஆனால் அதைச் சர்க்கார் இலவசமாகப் போட்டுத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள்.

அவர்களைத் தடுத்து நிறுத்தியவை நான்கு என்று கான் கண்டார். இது நம் வேலையன்று என்னும் மனத்தடை ஒன்று. அண்டை வீட்டாரோடு கூடிச் செய்யும் ஏற்பாடு இல்லாமை இரண்டாவது. சர்க்கார் கணக்குப்படி ஆகும் செலவு தாங்க முடியாதது என்பது மூன்றாவது. தொழில் நுணுக்கம் தெரியாமை நான்காவது. இந்த நான்கையும் ஒருங்கே தீர்க்கும் பரிகாரமாக அவர் தேர்ந்தெடுத்தது சந்து என்னும் சிறு வட்டத்தை. ஊர் முழுவதையும் ஒன்று திரட்டுவது அரிது. 20 முதல் 40 வீடுகள் கொண்ட ஒரு சந்திலோ, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், யார் சொல்லை நம்பலாம் என்பதும் தெரியும். சந்துவாசிகள் தமக்குள் ஒரு காரியஸ்தரைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பம் கொடுத்தால், திட்டத்தார் வந்து மட்டம் பார்த்து, வரைபடம் போட்டு, செலவு மதிப்பைச் சொல்வார்கள். பணத்தை வசூலிப்பதும் ஆள் அமர்த்துவதும் காரியஸ்தரின் பொறுப்பு. திட்டத்தார் அந்தப் பணத்தில் ஒரு பைசாவையும் கையால் தொடமாட்டார்கள். வசூலான காசு சந்துக்குள்ளேயே இருந்தமையால், சந்தேகத்துக்கு இடம் குறைந்தது.

முதல் சந்துகளில் வேலை 1981-ல் ஆரம்பமாயிற்று. எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. கலவை சரியில்லாமலும், போட்ட கான்கிரீட்டைத் தண்ணீர் விட்டு ஊற வைக்கும் வழக்கம் இல்லாமலும் வேலை பழுதுபட்டது. அதன்பின், சிமெண்டும் மணலும் ஜல்லியும் எந்த அளவில் சேர வேண்டும், குழாய்க்கு எவ்வளவு வாட்டம் கொடுக்க வேண்டும் என்பவற்றைச் சந்துவாசிகளுக்கே கற்பித்தார்கள். மேன்ஹோல்களை இருந்த இடத்திலேயே வட்டமாக வார்த்துக்கொள்ள இரும்பு அச்சுகளை இரவல் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து வரும் கழிவு நேரே குழாயில் விழாமல், கெட்டிப் பொருள் தங்கிவிடும்படி இடையே ஒரு சிறு தொட்டி அமைத்ததால், வாட்டம் குறைந்த இடத்திலும் குழாய் அடைபடவில்லை. ஒப்பந்தக்காரரின் லாபமும் தரகும் நீங்கின. கக்கூஸ் உட்பட ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 1,000 ரூபாயில் வேலை முடிந்தது. சர்க்கார் இலாகாக்களின் மதிப்போ இதைப் போல் பன்மடங்கு. ஒரு சந்து காய்ந்ததைக் கண்டு அடுத்த சந்து விண்ணப்பம் கொடுத்தது. காலப்போக்கில் 90,000-க்கும் மேற்பட்ட வீடுகள் இவ்விதம் சாக்கடை வசதி பெற்றன.

இதனால் சர்க்காரின் கடமை தீர்ந்துவிட்டது என்று யாரேனும் கருதினால் அது பெரும் பிழை. வீட்டுக் கக்கூஸ், சந்துக் குழாய், சந்துகளை இணைக்கும் கிளைக் குழாய் ஆகியவை ஜனங்களின் பொறுப்பு; பிரதான சாக்கடைகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் சர்க்காரின் பொறுப்பு என்று திட்டத்தார் தெளிவாக எல்லை வகுத்தார்கள். அந்த இரண்டாம் பங்கைப் பெறுவதற்காகவே, திட்டத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மானும் அவருடைய தோழர்களும் கராச்சியின் குடியிருப்புகளையும் இயற்கை ஓடைகளையும் அளந்து வரைபடங்களாக்கினார்கள். எங்கே குழாய் இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் காகிதத்தில் காட்டும்போது எந்த அதிகாரியாலும் மறுக்க முடிவதில்லை. நிலமும் நீரும் எவர் கையில் சிக்கியிருக்கின்றன என்பதையும் அப்பணி வெளிப்படுத்திற்று. 2013-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் தேதி பர்வீன் ரஹ்மான் அம்மையார் சுட்டுக் கொல்லப்பட்டார். பொதுப்பணி எவ்வளவு சாதுவான உருவம் கொண்டதாயினும், சுயநலக்காரருக்கு அது எத்துணை அச்சம் தருவது என்பதற்கு அந்த உயிர்த்தியாகமே சாட்சி.

பிரஜைகள் கூடிச் செய்யும் பணியில் உத்ஸாகம் மட்டும் போதாது. முகம் தெரிந்த சிறு வட்டம், கண்ணெதிரே இருக்கும் கணக்கு, தொழில் அறிந்தவரின் பணிவான துணை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது நிலைக்கும் என்பதே ஓரங்கி கற்பிக்கும் பாடம். அப்படித் தம் பங்கைத் தாமே செய்து முடித்தவர்கள், மீதிப் பங்கைக் கேட்டுச் சர்க்காரின் முன் யாசகர்களாகப் போய் நிற்பதில்லை. கணக்குத் தீர்க்க வந்த பங்காளிகளாகவே போய் நிற்கிறார்கள்.